எந்த நகரம் என்று கேட்பதற்கு முன்: அமெரிக்க நடுத்தர நகரங்களை ஒப்பிட்டுக் குடியேறும் வழி

வேலைக்கான கடிதங்கள் இரண்டு ஊர்களிலிருந்து வந்திருக்கின்றன. ஒன்று பிட்ஸ்பர்க், மற்றொன்று ராலே. பதில் சொல்லப் பத்து நாள் அவகாசம். இந்த நிலையில் பெரும்பாலானோர் முதலில் செய்வது, “வாழ்வதற்குச் சிறந்த நகரங்கள்” என்ற தரவரிசைப் பட்டியல்களைத் தேடிப் பார்ப்பதுதான். ஒரு பட்டியலில் ராலே முன்னே நிற்கும், இன்னொன்றில் பிட்ஸ்பர்க் முன்னே நிற்கும், மூன்றாவதில் இரண்டுமே இருக்காது. வீட்டு வாடகைக்கு எத்தனை மதிப்பெண், பூங்காவுக்கு எத்தனை என்பதைப் பட்டியல் போடுபவர் தம் விருப்பப்படி முடிவு செய்கிறார். உங்கள் வீட்டில் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்குக் கார் ஓட்டத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. ஆகவே பட்டியல்களை ஒதுக்கிவிட்டு நீங்களே ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான முறை ஒன்றை இங்கே விளக்குகிறேன். எடுத்துக்காட்டுக்குப் பிட்ஸ்பர்க் (பென்சில்வேனியா), கொலம்பஸ் (ஒஹாயோ), ராலே (வட கரோலினா), மினியாபோலிஸ் (மினசோட்டா) ஆகிய நான்கையும் எடுத்துக்கொள்கிறேன். முறை மற்ற ஊர்களுக்கும் பொருந்தும்.

முதல் படி: எல்லைக் கோடு எங்கே போகிறது என்று பாருங்கள்

அமெரிக்கப் புள்ளிவிவரங்களில் “நகரம்” என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று மாநகராட்சி எல்லை. மற்றொன்று சுற்றியுள்ள கவுண்டிகளையும் (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவுகள்) சேர்த்த பெருநகர வட்டாரம். இவற்றைக் குழப்பிக்கொண்டால் எந்த ஒப்பீடும் நிற்காது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கொலம்பஸ் மாநகராட்சியில் 9,05,748 பேர். பிட்ஸ்பர்க்கில் 3,02,971 பேர். ஒன்று மற்றொன்றைப் போல மூன்று மடங்கு என்று தோன்றும். ஆனால் வட்டாரமாகக் கணக்கிட்டால் இரண்டுமே 20 லட்சத்தைச் சற்றுத் தாண்டியவைதான். குடிநீரும் கழிவுநீர் இணைப்பும் வேண்டுமென்றால் மாநகராட்சியோடு சேர வேண்டும் என்று நிபந்தனை விதித்தே கொலம்பஸ் சுற்றுப்புற நிலங்களைத் தன்னோடு இணைத்துக்கொண்டு ஏறத்தாழ 220 சதுர மைலுக்கு விரிந்தது. பிட்ஸ்பர்க் சுமார் 55 சதுர மைலில் நின்றுவிட்டது. அதன் புறநகர்கள் தனித்தனி ஊராட்சிகளாக இருக்கின்றன.

குற்ற விகிதத்தை ஒப்பிடும்போது இது மிகவும் முக்கியம். செயின்ட் லூயிஸ் நகரம் 1876-லேயே தன் கவுண்டியிலிருந்து பிரிந்துவிட்டது; அமைதியான புறநகர்கள் எதுவும் அதன் கணக்கில் வருவதில்லை. அதனால் லட்சம் பேருக்கு இத்தனை குற்றம் என்ற வரிசையில் அது எப்போதும் மோசமான இடத்தில் தெரிகிறது. புறநகர்களையும் விழுங்கிய கொலம்பஸின் சராசரி அதைவிட மென்மையாகத் தெரிவதில் வியப்பில்லை. நகர அளவிலான எண்ணை விட்டுவிட்டு, நீங்கள் குடியிருக்கப் போகும் பகுதியின் காவல்துறை வரைபடத்தைப் பாருங்கள்.

அஞ்சல் முகவரியும் ஏமாற்றும். உறையில் “பிட்ஸ்பர்க்” என்று எழுதப்படும் வீடு நகர எல்லைக்கு வெகு வெளியே, வேறு வரியும் வேறு பள்ளி வாரியமும் உள்ள ஊரில் இருக்கலாம். கொலம்பஸில் இதற்கு நேர்மாறான விசித்திரம்: 1980களில் ஏற்பட்ட உடன்பாடு ஒன்றின் காரணமாக, மாநகராட்சிக்குள்ளேயே இருக்கும் சில பகுதிகள் டப்ளின், ஹில்லியார்ட் போன்ற புறநகர்ப் பள்ளி வாரியங்களைச் சேர்ந்தவை. வீட்டு எண்ணைக் கொடுத்து, அது எந்த நகராட்சி, எந்தப் பள்ளி வாரியம் என்பதைக் கவுண்டியின் சொத்துப் பதிவுத் தளத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டாம் படி: பகலில் வீட்டில் இருப்பவரின் ஒரு வாரத்தை எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் வேறெதைத் தாண்டிச் சென்றாலும் இந்தப் படியைத் தாண்ட வேண்டாம். வேலைக்குப் போகிறவருக்கு எந்த ஊரும் ஓரளவு ஒத்துப்போகும்; காலையில் கார், பகலில் அலுவலகம், மாலையில் கார். ஊரின் உண்மையான தரத்தை அனுபவிப்பவர் பகலில் வீட்டில் இருப்பவர். வேலை விசாவில் வருபவரோடு எச்-4 என்ற சார்பு விசாவில் வரும் துணைவருக்குப் பெரும்பாலும் வேலை செய்ய அனுமதி கிடையாது; ஓட்டுநர் உரிமம் பெறவும் சில மாதங்கள் ஆகிவிடும். ஆறு மாதம் தங்க வரும் அம்மா அப்பாவின் நிலை இன்னும் இறுக்கமானது.

எங்கள் முதல் குளிர்காலத்தில் இதைக் கற்றேன். வாடகைக்கு எடுத்த அபார்ட்மென்ட்டின் விளம்பரத்தில் “கடைகள் அரை மைலில்” என்று இருந்தது. அளந்து பார்த்தால் அது உண்மையும்கூட. ஆனால் நடைபாதை இருநூறு அடி போய், ஒரு வங்கியின் புல்வெளி தொடங்கும் இடத்தில் எந்தக் காரணமும் இல்லாமல் முடிந்துவிடும். அப்பால் ஆறு தடச் சாலை. கடக்கும் விளக்குக்கு வலப்பக்கமாக வெகுதூரம் போக வேண்டும். அதையும் தாண்டினால் கடை வாசல் வரை கார் நிறுத்தும் பொட்டல். என் மனைவி பத்துப் பவுண்டு அரிசிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, பனி தள்ளும் வண்டி சாலையோரம் குவித்துவிட்டுப் போன இடுப்பளவு மேட்டின் மேல் ஏறி இறங்கி வந்த நாளில், அரை மைல் என்ற அளவுக்கு அமெரிக்காவில் தனியாகப் பொருள் ஏதுமில்லை என்பது புரிந்தது.

எனவே ஒரு தாளில் திங்கள் முதல் ஞாயிறு வரை எழுதுங்கள்: பால் காய்கறி வாங்குவது, குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவது, நூலகம், மருந்துக் கடை, கோவில் அல்லது தேவாலயம் அல்லது பள்ளிவாசல், பேச்சுத் துணைக்கு ஒரு வீடு. ஒவ்வொன்றுக்கும் எதிரே, கார் இல்லாமல் அங்கே போக முடியுமா என்று குறியுங்கள். பிறகு அந்தப் பகுதியின் தெருக்காட்சிப் படங்களைத் திறந்து, வீட்டு வாசலிலிருந்து கடை வரை திரையிலேயே நடந்து பாருங்கள். நடைபாதை எங்கே அறுந்துபோகிறது என்பதைக் கண்ணால் காண வேண்டும். முகவரிக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் தரும் வாக் ஸ்கோர் தளம் முதல் வடிகட்டலுக்கு உதவும்; புல்வெளியில் முடியும் நடைபாதையை அது பெரும்பாலும் கவனிப்பதில்லை.

இந்தச் சோதனையில் நகரங்களின் வயது வெளிப்படும். பிட்ஸ்பர்க்கில் 1950-ல் 6,76,806 பேர் இருந்தார்கள். எஃகு ஆலைகள் மூடப்பட்டு மக்கள் வெளியேறியதில் இன்று பாதிக்கும் குறைவு. அதாவது இரு மடங்கு மக்களுக்காகக் கட்டப்பட்ட நூலகங்களும் அருங்காட்சியகங்களும் கடைத்தெருக்களும் இன்றுள்ளவர்களின் பயன்பாட்டுக்கு இருக்கின்றன. ஓக்லாந்து, ஸ்குவிரல் ஹில், ஷேடிசைடு போன்ற பகுதிகளில் பகலை நடந்தே கழிக்கலாம், மேடுபள்ளம் முழங்காலைச் சோதிக்கும் என்பதைத் தவிர. ராலேயின் கதை எதிர்த்திசையில் போகிறது. 1960-ல் ஒரு லட்சத்தைக்கூடத் தொடாத ஊர், 2020-ல் 4,67,665 பேர். 1959-ல் தொடங்கிய ரிசர்ச் டிரையாங்கிள் பூங்கா என்ற ஆய்வு நிறுவன வளாகத்தைச் சுற்றி, கார் இருக்கும் என்ற அனுமானத்தின் மேல் எழும்பியது. கேரி, மாரிஸ்வில் ஆகிய புறநகர்களில் இந்தியக் கடைகளுக்கும் பேச்சுத் துணைக்கும் குறைவே இல்லை. ஆனால் அவற்றை அடைய ஒருவர் சாவியை எடுக்க வேண்டும்.

மூன்றாம் படி: பேருந்தின் வரைபடத்தை அல்ல, கால அட்டவணையைப் படியுங்கள்

வரைபடத்தில் கோடு ஓடினால் பேருந்து ஓடுகிறது என்று நம்பிவிடாதீர்கள். கூகுள் வரைபடத்தில் செவ்வாய் காலை 8:15-க்கும், ஞாயிறு மாலை 6 மணிக்கும் என்று நேரம் குறித்து, வீட்டிலிருந்து அலுவலகத்துக்கும் கடைக்கும் பாதை கேளுங்கள். கால் மணிக்கு ஒரு பேருந்து என்றால் அதை நம்பி வாழலாம். அரை மணி என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு மணிக்கு ஒன்று என்றால் அது உங்களுக்காக ஓடவில்லை என்று கருதுவதே நல்லது.

மினியாபோலிஸில் இலகு ரயிலின் நீலத் தடம் 2004 முதலும் பச்சைத் தடம் 2014 முதலும் ஓடுகின்றன. முதலாவது விமான நிலையத்தையும், இரண்டாவது பல்கலைக்கழகம் வழியாகப் பக்கத்து நகரமான செயின்ட் பாலையும் நகர மையத்தோடு இணைக்கின்றன. பிட்ஸ்பர்க்கில் பேருந்துக்கு மட்டுமேயான தனிச் சாலைகள் உண்டு. 1983-ல் திறந்த கிழக்குத் தடம் நெரிசல் நேரத்தில் காரை முந்திச் செல்லும். “டி” என்று அழைக்கப்படும் தொடர்வண்டியில் நகர மையத்துக்குள் கட்டணம் கிடையாது. ஆனால் அங்கே போக்குவரத்து நிதி நெருக்கடி அடிக்கடி தலைதூக்குவதால், நீங்கள் நம்பும் வழித்தடம் குறைப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று உள்ளூர்ச் செய்திகளில் பார்த்துக்கொள்ள வேண்டும். கொலம்பஸில் 1979-க்குப் பிறகு பயணிகள் ரயிலே கிடையாது. விரைவுப் பேருந்துத் தடங்களுக்காக 2024 நவம்பரில் வாக்காளர்கள் விற்பனை வரி உயர்வுக்கு ஒப்புதல் அளித்தார்கள், பலன் கைக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும். ராலே வட்டாரத்தில் டர்ஹமுக்கும் சேப்பல் ஹில்லுக்கும் இடையே திட்டமிட்ட இலகு ரயில் 2019-ல் கைவிடப்பட்டது. வரப்போகும் ரயிலை நம்பி வீடு பார்க்க வேண்டாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

நான்காம் படி: வரியையும் காரையும் ஒரே தாளில் கணக்கிடுங்கள்

புதிதாக வருபவர்கள் மாநில வருமான வரியை மட்டும் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஆண்டுச் சம்பளம் 90,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பிட்ஸ்பர்க்கில் மாநில வரி 3.07 சதவீதம், நகரமும் பள்ளி வாரியமும் சேர்ந்து 3 சதவீதம். மொத்தம் சுமார் 5,460 டாலர். ராலேயில் ஊர் வருமான வரி கிடையாது. வட கரோலினாவின் மாநில வரி 2025-ல் 4.25 சதவீதமாக இருந்தது, நிலையான கழிவு போக ஏறக்குறைய 3,000 டாலர் வரும். பார்த்த உடனே ராலே 2,500 டாலர் மலிவு என்று தோன்றும்.

இப்போது இரண்டாவது காரைச் சேர்த்துப் பாருங்கள். ஒரு புதிய காரை வைத்திருக்கும் மொத்தச் செலவு, அதாவது தேய்மானம், காப்பீடு, எரிபொருள், பராமரிப்பு, கடன் வட்டி எல்லாம் சேர்த்து, ஆண்டுக்குச் சுமார் 12,300 டாலர் என்று 2024-ல் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் மதிப்பிட்டது. பழைய கார் வாங்கி இதைப் பாதியாகக் குறைத்தாலும், வரியில் மிச்சமானதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். ஒரே காரோடு குடும்பம் நடத்த முடிகிற முகவரி எது என்ற கேள்வி, வரி விகிதத்தைவிடப் பெரிய தொகைக்கான கேள்வி.

கொலம்பஸில் நகர வருமான வரி 2.5 சதவீதம். ஒஹாயோவில் இந்த வரி முதலில் நீங்கள் வேலை செய்யும் ஊருக்குப் போகிறது. குடியிருக்கும் ஊர் அதற்கு எவ்வளவு கழிவு தரும் என்பது ஊருக்கு ஊர் மாறும். வீட்டிலிருந்தே வேலை செய்வதாக இருந்தால் கணக்கு வேறு, எனவே ஒப்பந்தத்துக்கு முன்பே சம்பளப் பிரிவில் கேட்டுவிடுங்கள். மினசோட்டாவில் வருமான வரி படிப்படியாக ஏறி மேல்தட்டில் 9.85 சதவீதத்தைத் தொடுகிறது. பதிலுக்கு உடைக்கும் பெரும்பாலான மளிகைக்கும் விற்பனை வரி இல்லை, பூங்காக்களும் ஏரிக்கரைப் பாதைகளும் நாட்டிலேயே தலைசிறந்தவை. டென்னசியின் சட்டனூகா போன்ற ஊரில் சம்பளத்துக்கு மாநில வரி இல்லை என்பார்கள், ஆனால் கடையில் வாங்கும் பெரும்பாலான பொருள்களுக்கு 9.25 சதவீதம் விற்பனை வரி கட்ட வேண்டும்.

ஐந்தாம் படி: மோசமான மாதத்தை முன்வைத்து முடிவெடுங்கள்

எந்த ஊரும் மே மாதத்தில் அழகாக இருக்கும். மினியாபோலிஸில் ஜனவரி இரவுகளின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குச் சுமார் பதின்மூன்று செல்சியஸ் கீழே. நகர மையத்தில் கட்டடங்களை இணைக்கும் கண்ணாடி மேம்பாதைகள் மைல்கணக்கில் நீண்டு அலுவலகக்காரர்களைக் காக்கின்றன. தெருவில் கார் நிறுத்துபவர்களைக் காப்பதில்லை. பெரும்பனி பெய்து நகராட்சி அவசர அறிவிப்பு விடுத்தால், முதல் இரவு முக்கிய வழித்தடங்களின் இருபுறமும், மறுநாள் மற்ற தெருக்களின் இரட்டை எண் பக்கமும், மூன்றாம் நாள் ஒற்றை எண் பக்கமும் கார் நிறுத்தக் கூடாது. ஒற்றைக்கும் இரட்டைக்கும் குழம்பி, இழுத்துச் செல்லப்பட்ட காரை மீட்கப் பணத்தோடு வரிசையில் நின்றவர்களுள் நானும் ஒருவன். தவறு முழுவதும் என்னுடையதுதான். குறுஞ்செய்தி அறிவிப்புக்கு முதல் நாளே பதிவு செய்திருக்க வேண்டும்.

பிட்ஸ்பர்க்கில் குளிரைவிட மேகமூட்டம்தான் பலரைச் சோர்வடையச் செய்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை வெயிலைக் காண்பது அரிது. அதோடு காற்றும் கவனிக்கத்தக்கது. நகருக்குத் தெற்கே மொனங்கஹீலா பள்ளத்தாக்கில் உள்ள கிளேர்டன் கோக் ஆலையின் (எஃகு உருக்க நிலக்கரியைப் பதப்படுத்தும் ஆலை) புகை, காற்று அசையாத காலைகளில் பள்ளத்தாக்கிலேயே அடங்கிவிடுவதால் அழுகிய முட்டை வாடை வீசும் நாள்கள் உண்டு. ஆஸ்துமா உள்ளவர்கள் அரசின் ஏர்நவ் தளத்தில் அந்தந்தப் பகுதியின் பழைய அளவீடுகளைப் பார்த்துவிட்டே வீடு தேட வேண்டும். ராலேயில் ஜூலையின் புழுக்கம் சென்னைக்காரருக்குப் புதிதல்ல. வசந்த காலத்தில் பைன் மரங்களின் மகரந்தம் கார்களின் மேல் மஞ்சள் பொடியாகப் படிவதுதான் புதிது.

பள்ளியும் நூலகமும் மற்றவையும்

பள்ளிகளுக்குத் தளங்கள் தரும் பத்துக்கு இத்தனை என்ற எண் பெரும்பாலும் அந்தப் பகுதிப் பெற்றோரின் வருமானத்தையே வேறு வடிவில் சொல்கிறது. அதைவிடப் பயனுள்ள கேள்வி, இந்த முகவரிக்கு எந்தப் பள்ளி, அதில் இடம் இருக்கிறதா என்பது. ராலேயும் கேரியும் அடங்கிய வேக் கவுண்டி முழுவதற்கும் ஒரே பள்ளி வாரியம். மக்கள் பெருகும் வேகத்தில் சில பள்ளிகளில் சேர்க்கைக்கு உச்சவரம்பு விதிக்கப்படுகிறது, எதிரே தெரியும் பள்ளிக்குப் பதிலாகத் தூரத்துப் பள்ளி ஒதுக்கப்படலாம். பள்ளி வாரியத்தின் தளத்தில் முகவரியை இட்டுப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

நூலகத்தை நேரில் போய்ப் பார்ப்பது ஊரைப் பற்றி நிறையச் சொல்லும். பிட்ஸ்பர்க்கின் கார்னகி நூலகத் தலைமைக் கட்டடம் 1895-ல் திறக்கப்பட்டது. அதன் வாசலுக்கு மேல் “மக்களுக்கு இலவசம்” என்ற பொருள்பட ஆங்கிலத்தில் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். கொலம்பஸ் பெருநகர நூலகம் 2017 முதல் தாமதக் கட்டணத்தை நீக்கிவிட்டது. கதை சொல்லும் நேரத்துக்குக் குழந்தையோடு போனால் அங்கேயே நாலு தாய்மார்கள் அறிமுகமாவார்கள், ஆங்கில உரையாடல் வகுப்புகளும் பல கிளைகளில் உண்டு. மினியாபோலிஸ் கலைக்கூடத்துக்கும், ராலேயின் இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்துக்கும் பொது நுழைவுக் கட்டணம் இல்லை என்பது மாதக் கடைசியில் நினைவுக்கு வர வேண்டிய செய்தி.

கோவில்களைப் பொறுத்தவரை இந்த நான்கு வட்டாரங்களிலும் குறை இருக்காது. பிட்ஸ்பர்க்குக்குக் கிழக்கே பென் ஹில்ஸில் உள்ள வெங்கடேசுவரர் கோவில் 1970களிலேயே எழுந்தது. கேரியில் உள்ள வெங்கடேசுவரர் கோவிலின் 87 அடிக் கோபுரம் 2022-ல் திறக்கப்பட்டது. ஊருக்கு வந்துபோக விமானத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல்: ஐரோப்பாவுக்கு நேரடி விமானம் உள்ள ஊரில் ஒரு மாறுதல் மிச்சம். வயதான பெற்றோர் தனியாக வரும்போது அந்த ஒரு மாறுதலின் அருமை தெரியும்.

கடைசிப் படி: மூன்று நாள் தங்கி, குறுகிய ஒப்பந்தம் போடுங்கள்

முடிந்தால் மூன்று நாள், அதில் ஒன்றாவது வேலை நாளாக இருக்கும்படி, அந்த ஊரில் தங்குங்கள். விடுதியை நகர மையத்தில் எடுக்காமல் குடியிருக்க நினைக்கும் பகுதியில் எடுங்கள். காலை ஏழரைக்கு அலுவலகம் வரை போய்வாருங்கள். பகல் பதினொரு மணிக்குக் காரை விட்டுவிட்டுப் பகலில் வீட்டில் இருக்கப் போகிறவர் தனியாகக் கடைக்குப் போய்த் திரும்பட்டும்; அவர் முகத்தைப் பார்த்தாலே பாதி முடிவு தெரிந்துவிடும். இரவு ஒன்பதுக்குத் தெருவில் ஒரு நடை.

என் கணிப்பைக் கேட்டால், ஒரே காரும் பகலில் வீட்டில் ஒருவரும் உள்ள குடும்பத்துக்குப் பிட்ஸ்பர்க்கின் கிழக்குப் பகுதிகளையோ, மினியாபோலிஸில் அடிக்கடி ஓடும் பேருந்துத் தடத்தின் மேல் உள்ள முகவரியையோ சொல்வேன். இருவரும் ஓட்டத் தெரிந்தவர்கள், பிள்ளைகள் சிறியவர்கள், சுற்றிலும் தமிழ்ப் பேச்சு வேண்டும் என்றால் கேரியைத் தாண்டிப் போக மாட்டேன். கொலம்பஸ் எதிலும் முதலிடம் வாங்காது. ஆனால் ஒருவருக்கு வேலை போனால் அதே ஊரில் இன்னொன்று கிடைக்கும் வாய்ப்பை எண்ணிப் பார்ப்பவர்கள் அதை ஒதுக்கிவிடக் கூடாது; மாநில அரசு, பெரிய பல்கலைக்கழகம், வங்கி, காப்பீடு என்று பல கிளைகளில் அங்கே வேலை இருக்கிறது.

முதல் ஆண்டு வீடு வாங்காதீர்கள். ஓராண்டு ஒப்பந்தம் போடும்போது இடையில் வெளியேறினால் எத்தனை மாத வாடகை இழப்பு என்ற பிரிவைப் படியுங்கள். சற்றுக் கூடுதல் வாடகையானாலும் ஆறு மாத ஒப்பந்தம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கு நகரங்களில் வெப்பமூட்டும் செலவு வாடகையில் அடங்குமா என்று கேளுங்கள். அடங்காது என்றால், கடந்த ஜனவரியில் அதே வீட்டுக்கு எரிவாயுக் கட்டணம் எவ்வளவு வந்தது என்பதை வாய்மொழியாக அல்லாமல் மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொண்டு, அதன் பிறகு கையெழுத்திடுங்கள்.